மொட்டைமாடி வெயில்

...இல்ல கண்ணப்பா, நீயே சொல்லு. பத்து மணிக்கு வரேன்னு சொன்ன ஆளு பத்தே முக்காலுக்கு வந்தா அது இன்னா நாயம்? ஒரு பூட்டை ஒடைக்கறதுக்கு ஒரகடத்துல இருந்து வல்லம் வடகாலுக்கு இத்தினி நேரமா? லாரி குறுக்க நின்னுச்சா? இங்க எப்பதான் லாரி குறுக்க நிக்கல. கார் ஏத்திக்கினு போற லாரி ஒண்ணு ரோட்ல திரும்பறதுக்குள்ள ஒரு கல்யாணமே முடிஞ்சி பந்தியும் எடுத்துடுவாங்க. சரி சரி, பையை எடுத்துக்கோ. படி அந்தாண்ட கீது. லிப்டு எல்லாம் கெடையாதுப்பா. ஓனரு லிப்டுக்குன்னு எடம் வுட்டுதான் கட்டனாரு, அப்பால அந்த எடத்துல கதவு போட்டு ரூமாக்கி மூணு பொண்ணுங்களைக் குடி வச்சிட்டாரு.

இரு, இரு... இன்னா ரெண்டு ரெண்டு படியா தாவற? லேடீஸ் ஆஸ்டல்பா இது. ஆம்பள ஆளு தனியா மேல போவக்கூடாது, வார்டன் கூடவே வரணும். ரூல்ஸு. யாரு போட்ட ரூல்ஸா? நான்தான் போட்டேன், வேற யாரு. காமாட்சியம்மா போட்ட ரூல்ஸ காமாட்சியம்மாவே மீறனா நல்லாவா இருக்கும். மெள்ள ஏறு. எனக்கும் அவசரம்தான், பதினொன்றரைக்கு ஒருத்தரு வராரு, தென்காசி பக்கத்து ஆளு. பொண்ணை வேலைய வுட்டு நிறுத்தி வூட்டுக்குக் கூட்டிக்கினு போவ வராரு. அவரு அவளைப் பாக்கறதுக்கு முன்னாடி நான் கேட்டாண்ட நின்னு அவருகிட்ட ஒரு வார்த்தை பேசியாவணும். அது வேற கதை, சொல்றேன்.

ஆங்... இங்க ஒரு நிமிசம் நில்லு. ஒண்ணும் இல்ல, ஒரு மேட்டரு சொல்லணும், நடந்துகினே சொன்னா மறந்துடுவேன். இந்த பூட்டு எதுக்கு ஒடைக்கறோம்னு உனக்குத் தெரிய வேணாமா? போன வாரம் பொண்ணுங்க வேலை செய்யற கம்பெனில இருந்து இங்க கீழ ஹாலுல மெடிக்கல் கேம்பு போட்டாங்க. அறுபத்திநாலு பொண்ணுங்களுக்கும் ரத்தம் எடுத்தாங்க. ஓசியில ஊசி குத்தறாங்க, வுடுவானேன்னு நானும் கையை நீட்டிட்டேன். நேத்து ரிசல்ட்டு வந்துது. வைட்டமின் டி-யாம். முப்பதாச்சும் இருக்கணுமாம். பொண்ணுங்களுக்கு பன்னெண்டு, பதினாலு, ஒண்ணு ரெண்டுக்கு இருவது. எனக்கு இன்னா தெரியுமா? ஆறு. அறுபத்தஞ்சு பேருல கடைசி. இஸ்கூலுல கூட நான் கடைசியா வந்தது கெடையாது. அதுக்கு முன்னாடியே நிறுத்திட்டாங்க, அது வேற.

அந்த டாக்டரு சின்னப் பொண்ணு, நல்லாத்தான் எடுத்து சொல்லிச்சு. தோலு மேல வெயில் பட்டாதான் இந்த டி உண்டாவுமாம். அது இல்லன்னா நீ குடம் குடமா பாலு குடிச்சாலும் அதுல இருக்கற சுண்ணாம்பு சத்து எலும்புக்குப் போயி சேராதாம். வயசாவ வயசாவ தோலு சோம்பேறி ஆயிடுமாம். சின்ன வயசுல கா மணி நேரத்துல செஞ்ச வேலைய எங்க வயசுல ஒரு மணி நேரம் நின்னாலும் செய்யாதாம். எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. ஏம்மா, ஆளே சோம்பேறி ஆயாச்சு, தோலு மட்டும் சுறுசுறுப்பா இருக்குமான்னு கேட்டேன். அது சிரிக்கல. எழுதிக்கினு இருந்துச்சு.

சரி, வா. புடிச்சிக்கினு ஏறு, கம்பி ஆடும். இந்தக் கம்பி ஆடறதனாலதான் நான் ரெண்டு கையால புடிக்கறேன், வேற ஒண்ணும் இல்ல.

இன்னா கேட்ட? இந்த ஊருல வெயிலுக்கா பஞ்சம்னா? அதைத்தான்பா நானும் கேட்டேன். இங்க ஏப்ரல் மாசம் ரோட்ல தோசை ஊத்தலாம். ஆனா இந்தப் பொண்ணுங்க எங்க வெயிலைப் பாக்குது? காலைல ஏ ஷிப்டுன்னா அஞ்சு மணிக்கு இருட்டுல பஸ்ஸு. உள்ள போனா ஏசி, லைன்ல நின்னுகினே வேலை. ஓவர்டைமு பாத்துட்டு வந்தா பொழுது சாஞ்சிடும். நைட்டு ஷிப்டுன்னா பகல் பூரா ஜன்னல்ல பெட்ஷீட்டு கட்டிக்கினு தூக்கம். லீவு நாள்ல வெளிய போனா மூஞ்சில துப்பட்டா, கைக்கு கிளவுஸு, தலைக்கு தொப்பி, கண்ணு மட்டும் தெரியும். சொந்த அப்பனே எதுருல வந்தாலும் கண்டுபுடிக்க முடியாது. அத்த நான்தான் கத்துக்குடுத்தேன். வெயில்ல போவாதீங்கடி, கறுத்துட்டா ஊருல மாப்பிள்ளை கெடைக்காதுன்னு நான்தான் ஓதினேன்.

ஏன்னா எனக்கு இந்த நெறத்து மேல ஒரு பைத்தியம், கண்ணப்பா. சொல்றதுக்கு வெக்கமாத்தான் கீது. முப்பது வருஷம் கழனில நாத்து நட்டவ நானு. இதோ ரோட்டுக்கு அந்தாண்ட நீல ஷீட்டு போட்ட கம்பெனி கீதே, அதுதான் எங்க கழனி. அப்ப எல்லாம் கருங்கட்டை மாதிரி இருப்பேன், உடம்பும் கட்டை மாதிரிதான், ரெண்டு மூட்டை நெல்லு தூக்குவேன். கழனி போச்சு, அவரும் போயி சேந்தாரு, இந்த வார்டன் வேலைக்கு வந்தேன். வந்து பதினோரு வருஷம் ஆவுது. நெழல்லயே ஒக்காந்து, டியூப்ல இருந்து கிரீமைப் பிதுக்கிப் பிதுக்கித் தடவி, கேட்டாண்ட போவறதுக்குக்கூட கொடை புடிச்சி... ஒரு தபா வல்லக்கோட்டையில ஒரு கல்யாணத்துக்குப் போனேன். எங்க ஓரகத்தி என்னைப் பாத்துட்டு யாரு இதுன்னு பக்கத்துல கேக்கறா. அன்னிக்கு நான் ரெண்டு கொழம்பு ஊத்தி சாப்ட்டேன் சந்தோசத்துல. இப்ப பாரு இந்தக் கையை. எண்ணெ பட்ட பேப்பரு மாதிரி கீது தோலு. கதவு லேசா இடிச்சாலும் நீலம் பாஞ்சிடுது. நெறம் மட்டும் ஷோக்கா வந்துடுச்சு.

இதுதான் பஸ்ட் ப்ளோரு. இங்க ஒக்காரலாம் ஒரு நிமிசம். இல்லப்பா, மூச்சு எல்லாம் வாங்கல. இந்த விலா எலும்பு கதை ஒண்ணு கீது, அத்த ஒக்காந்துதான் சொல்லணும்.

போன வருஷம் மார்கழி. காலைல எழுந்து மொளகாப் பொடி டப்பாவைத் தொறந்தேன், ஒரு தும்மல் வந்துது. ஒரே ஒரு தும்மல்பா. படக்குனு ஒரு சத்தம். மொதல்ல ஜாக்கெட்டு ஊக்கு வுட்டுடுச்சுன்னு நெனைச்சேன். அப்பால மூச்சு இழுக்க முடியல. ஆஸ்பத்திரில படம் எடுத்துப் பாத்தா விலாவுல விரிசலு. எலும்பு சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஆயிடுச்சு, வெயில்ல நில்லுங்கன்னாங்க. நான் இத்த வந்து பொண்ணுங்ககிட்ட எப்படி சொல்லுவேன்? தும்மனதுல விலா போச்சுன்னா உருண்டு உருண்டு சிரிக்கும்ங்க. அதனால கேட்டு ஏறிக் குதிச்ச திருடனைப் புடிக்கப் போயி அடிபட்டுடுச்சுன்னு சொன்னேன். நல்லாத்தான் எடுபட்டுச்சு. ஓனரு விஜயராகவன் அத்த நம்பி, நாலு பக்கமும் கேமரா வச்சாரு. ஒரு மாசம் பொண்ணுங்க என்னை வீரத்தாயின்னு கூப்ட்டுகினு இருந்துதுங்க.

சரி, வெயில்ல நில்லுன்னாங்களே, நின்னியான்னு கேளு. நின்னேன். இல்ல, ஒக்காந்தேன். ஆபீஸ் ரூம்ல கெழக்கு பக்கம் ஒரு கண்ணாடி ஜன்னல் கீது. அங்க சேரைப் போட்டு, தெனம் பத்துல இருந்து பதினொண்ணு வரைக்கும் மூணு மாசம் ஒக்காந்தேன். சுள்ளுன்னு அடிச்சுது. வேர்த்து ஊத்திச்சு. எலும்பு எல்லாம் அப்படியே இறுகுதுன்னு நெனைச்சிக்கினு இருந்தேன். நேத்து அந்த டாக்டர் பொண்ணு சொல்லுது, கண்ணாடி வழியா சூடு வரும், வெளிச்சம் வரும், ஆனா நமக்கு வேண்டியது மட்டும் வராதும்மான்னு. மூணு மாசம் நான் சும்மா ஒக்காந்து வேர்த்திருக்கேன்பா. அதுவும் வெயிலு படுதேன்னு அப்பப்ப மூஞ்சில கிரீம் வேற போட்டுக்கினு.

பவுடரு பாக்கெட்டு குடுத்தாங்க, வாரத்துக்கு ஒண்ணே ஒண்ணு பால்ல கலந்து குடின்னு. நாலு வாரம் குடிச்சேன். அஞ்சாவது வாரம் வலி கொறைஞ்சாப்பல இருந்துச்சு, சரி வைத்தியம் முடிஞ்சுதுன்னு மிச்சத்தை பிரிட்ஜு மேல வச்சேன். அங்கயேதான் கீது. மாத்திரை சாப்ட்டா உடம்பு சூடாவும்னு ஊருக்கே உபதேசம் பண்றவ நானு.

எழுந்திரு, போலாம். கையைக் குடு. இல்ல வேணாம், நானே எழுந்துக்கறேன். ஆ... ஒண்ணும் இல்ல, பொடவை மாட்டிக்கிச்சு.

கண்ணப்பா, இப்ப கொஞ்சம் கொரலைத் தாழ்த்து. நீ எங்க பேசன... சரி, நான் தாழ்த்தறேன். அடுத்த ப்ளோர்ல இருவத்தி மூணாம் நம்பரு ரூமுல அந்தப் பொண்ணு கீது. சுகப்பிரியா. அதோட அப்பாதான் வராருன்னு சொன்னேனே. இருவத்திரெண்டு வயசு. ரெண்டு வருஷமா ஒயரு கட்டற லைன்ல நிக்குது. பேட்டி எடுத்து, பெர்மனென்ட்டு பண்றேன்னு சொல்லிக்கீறாங்க இந்த மாசம். ஒல்லியா, வாய் பேசாது, ஆனா பேசிச்சுன்னா நறுக்குனு பேசும். இப்ப பொட்டி கட்டிக்கினு கீது. ஏன்னா... அதுக்கு மாடிக்குப் போவணும்னு அடம். மொட்டைமாடி சாவிய குடுங்கன்னு ஒரு மாசமா தொல்லை. நான் குடுக்கல. பக்கத்து பில்டிங்கு ஆம்பள பசங்க ஆஸ்டலு. வயசுப் பொண்ணு மாடிக்கு எதுக்குப் போவணும்ங்குது, நீயே சொல்லு. நான் பொறுப்பானவ. அதனால அப்பனுக்கு போன் போட்டு சொன்னேன். அந்த மனுசன் பாவம், சரிம்மா, நான் வந்து கூட்டிட்டுப் போயிருதேன், வயசுப்புள்ள, நமக்கு எதுக்கு வம்புன்னுட்டாரு. அவ்ளோதான் கதை.

...இன்னா அப்படிப் பாக்கற? ஏறு.

அப்பாடா. இந்த எடத்துல படி ஏன்தான் இத்தினி ஒசரமா கட்டனானோ அந்த மேஸ்திரி. மத்த படி ஆறு இஞ்சுன்னா இது எட்டு இஞ்சு. அளந்து பாத்தியா? அளக்காமலே எனக்குத் தெரியும்பா, என் காலுக்குத் தெரியும். இங்க இப்படி குத்துக்காலிட்டு... ஆங், ஒக்காந்துட்டேன். நீ நில்லு. இல்ல, நீயும் ஒக்காரு. யாராச்சும் வந்தா நான் செருப்பு வாரு மாட்டிக்கினு கீறேன்னு சொல்லு. செருப்பு போடலியா நானு? சரி, கம்மல் திருகாணி வுழுந்துடுச்சுன்னு சொல்லு.

இந்த ஆஸ்டல்ல எனக்கு முன்னாடி ஒரு வார்டன் இருந்துது, ஜோதின்னு. நல்ல பொம்பள. அதுக்குக் காலு வீங்கிப் போயி மாடி ஏற முடியல. ஓனரு ரெண்டு மாசம் பாத்தாரு. ரெண்டு மாடி பில்டிங்குக்கு மாடி ஏற முடியாத வார்டன் எனக்கு எதுக்குன்னு கணக்கைத் தீத்து அனுப்பிட்டாரு. அந்த வேலைக்குத்தான் நான் வந்தேன். அன்னிக்கு அவங்க பொட்டிய நான்தான் ஆட்டோவுல ஏத்தி வுட்டேன். எனக்கும் போக்கெடம் எங்க கீது? பையன் லோகேஷு பென்னலூர்ல ஒரே ரூம்ல கீறான், அவன், பொண்டாட்டி, ரெண்டு புள்ள. அங்க நான் போனா பிரிட்ஜ வெளிய எடுத்து வச்சாதான் எனக்கு படுக்க எடம்.

இரு... கதவு தொறக்கற சத்தம். பேசாத.

...

பாத்தியா.

பாத்தியா கண்ணப்பா? அந்தப் பொண்ணுதான் வந்துது. நான் திருகாணி வுழுந்துடுச்சுன்னு சொன்னேனே, காதுலயே வாங்கல. உள்ள போச்சு, அந்த பிளாஸ்டிக் சேரைத் தூக்கியாந்து என் பக்கத்துல வச்சிட்டு, மறுபடி உள்ள போயி கதவைச் சாத்திக்கிச்சு. பொட்டி கட்டிக்கினு இருக்கற பொண்ணு. என்னாலதான் கட்டுது, அதுக்கும் தெரியும், அப்பன் எல்லாத்தையும் சொல்லிட்டாரு. அது வந்து எனக்கு சேர் போடுது. நல்லா நாலு திட்டு திட்டியிருந்தா நான் பதிலுக்கு ஏழு திட்டிட்டு நிம்மதியா மேல ஏறியிருப்பேன்.

நான் இதுல ஒக்காரமாட்டேன்பா. எந்த மூஞ்சிய வச்சிக்கினு ஒக்கார்றது?

...சரி, ஒக்காந்துட்டேன். காலு கேக்கல.

நீ ஒண்ணும் கேக்கமாட்டேங்கற. கேளேன். ஏம்மா, ஒரு படி ஏறிட்டு ஒம்போது கதை சொல்றியேன்னு கேளு. கீழ இருந்து இங்க வர்றதுக்கு அர மணி நேரம் ஆச்சு, நீ லேட்டா வந்தேன்னு உன்னை வேற திட்டினேன். எனக்கு முட்டி போயி மூணு வருஷம் ஆவுதுப்பா. நாலு படி ஏறனா அஞ்சாவது படில நின்னு எதுனா பேசணும். பேசனாதான் ஆளுங்க வாயைப் பாப்பாங்க, காலைப் பாக்கமாட்டாங்க. காமாட்சியம்மா வாயாடின்னு பேரு வாங்கிக் குடுத்ததே இந்த முட்டிதான். முன்னாடி நான் இவ்ளோ பேசமாட்டேன், எங்க வூட்டுக்காரு உசுரோட இருந்தா கேட்டுப் பாரு.

மூணு வருஷமா நான் மொட்டைமாடிக்கு ஏறல. ஓனரு போன் பண்ணி மேல டேங்கு பாத்தியான்னா, பாத்தேன் சார்ம்பேன். பொண்ணுங்ககிட்ட தெனம் காலைல மாடில வாக்கிங் போறேன்னு வேற சொல்லி வச்சிக்கீறேன். ஏற முடியாம போன அன்னிக்கு நான் பண்ண மொத வேலை மாடிக் கதவைப் பூட்டனது. ஏன்னா தொறந்து கெடந்தா பொண்ணுங்க மேல போவும், நேரமாச்சு எறங்கி வாங்கடின்னு கூப்புட நான் ஏறணும். அங்கங்க ஆம்பள பசங்க, அது இதுன்னு நல்லதா ஒரு காரணம் சொன்னேன், எல்லாரும் மண்டைய ஆட்டனாங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். எனக்கு முட்டி கோணலு, பழி பக்கத்து பில்டிங்கு பசங்க மேல. அந்தப் பசங்க மாடிக்கு வந்தே நான் பாத்தது கெடையாது. நான் மாடிக்குப் போனாதானே பாக்கறதுக்கு.

அந்தப் பொண்ணு ஏன் சாவி கேட்டுச்சு தெரியுமா? கணுக்கால்ல இருந்து தொடை வரைக்கும் எலும்பு எல்லாம் கொடையுதாம். எட்டு மணி நேரம் நிக்க முடியல, லைன்ல ஒரு நாளு கண்ணைக் கட்டி ஒக்காந்துடுச்சு. டாக்டரு கிட்ட தானே போயி காட்டிக்கிச்சு, வெயில்ல நில்லுன்னாங்க. அதைத்தான் என்கிட்ட வந்து கேட்டுச்சு, மரியாதையா, கையில அந்த சீட்டை வச்சிக்கினு. நான் தட்டிக் கழிச்சிக்கினே இருந்துட்டு, போன வாரம் எல்லாரும் சாப்பிடற நேரத்துல மெஸ்ஸுல நின்னுகினு, யாரைப் பாக்கடி மாடிக்குப் போறன்னு கேட்டேன். அப்பதான் அது சொல்லிச்சு, மெள்ளமாத்தான் சொல்லிச்சு, "வார்டனம்மாவுக்கு மாடி ஏற முடியலை போல, அதான் பூட்டி வச்சிருக்காவ. சாவிய தாங்க, நானே போயி நானே பூட்டிட்டு வந்துருதேன்"ன்னு.

அவ்ளோதான்பா அது பண்ண தப்பு. மூணு வருஷமா யாரும் கண்டுபுடிக்காதத அது கண்டுபுடிச்சிடுச்சு. பத்து பேரு முன்னாடி சொல்லிடுச்சு. இது ஓனரு காதுக்குப் போச்சுன்னா என் பொட்டிய யாரு ஆட்டோவுல ஏத்தறதுன்னு நெனைச்சேன். அன்னிக்கு சாயந்திரமே அப்பனுக்கு போன் போட்டேன். அது ஊருக்குப் போயிடுச்சுன்னா பேச்சும் அதோட போயிடும்னு. பையன் பேரு எல்லாம் சொல்லல, சத்தியமா. மாடி மாடின்னு அலையுதுங்க, பக்கத்துல ஆம்பள ஆஸ்டலு, அப்பறம் என்னைச் சொல்லாதீங்கன்னு அவ்ளோதான் சொன்னேன். ஒரு அப்பனுக்கு அது போதாதா? மிச்சத்தை அவரே ஜோடிச்சிக்குவாரு. ஊருல மாப்பிள்ளை பாத்துட்டாராம் இப்ப. பெர்மனென்ட்டு ஆவப் போற பொண்ணு.

நேத்து ரிசல்ட்டு வந்த ஒடனே ஓனரு போன் பண்றாரு, நாளையில இருந்து மாடியத் தொறந்து வுடும்மா, பொண்ணுங்க அர மணி நேரம் வெயில்ல நிக்கட்டும், நீ மேல நின்னு பாத்துக்கோன்னு. அந்தப் பொண்ணு ஒரு மாசம் முன்னாடி எதைக் கேட்டுச்சோ, அதையேதான். நேத்து ராத்திரி பூரா எனக்குத் தூக்கம் இல்ல. வெயில் வேணும்னா மாடி ஏறணும், மாடி ஏறணும்னா முட்டி வேணும், முட்டி வேணும்னா வெயில் வேணும். பூட்டிக்கினது அந்தப் பொண்ணை மட்டும் இல்ல, என்னையும் சேத்துதான். அதனால காலைலயே முடிவு பண்ணிட்டேன். ஒடம்பு தெம்பு இருக்கும்போதே ஒரு தபா ஏறித் தொறந்துட்டு, கீழ எறங்கி, அந்த மனுசனை கேட்டாண்டயே நிறுத்தி, உள்ளதை அவரு காதுல மட்டும் மெள்ள சொல்லிடறதுன்னு. ஓனருக்குத் தெரியாம, பொண்ணுங்களுக்குத் தெரியாம. அவரு ஒருத்தருக்கு மட்டும். அதுகூட எனக்கு ரொம்ப கஷ்டம்தான்.

வா. இன்னும் பதினெட்டு படி. எண்ணி வச்சிக்கீறேன். இப்ப கையைக் குடு. ம்... ஒண்ணு. பேசாம ஏறிப் பாக்கறேன்.

...

...முருகா. வந்துட்டோமா?

இந்தா சாவி. சாவி தொலையலப்பா, என் இடுப்புலயேதான் கீது. திருகிப் பாரு. திரும்பாது. அதான் உன்னைக் கூப்ட்டேன். இன்னா சிரிக்கற? தெனம் வாக்கிங் போறவ பூட்டு எப்படிம்மா இப்படி துரு புடிச்சிருக்குன்னு கேக்கறியா? கேளு, கேளு, உனக்கு இல்லாத உரிமையா. பிளேடு போடு. பொண்ணுங்க யாராச்சும் பாக்கறதுக்குள்ள அந்தப் பூட்டை உன் பையில போட்டுக்கோ. வேணாம், இங்கயே போடு. பாக்கட்டும்.

அப்பா... இன்னா வெயிலு. கண்ணு கூசுது. இரு, நான் சொவத்தைப் புடிச்சிக்கினு... ஆங். தரை எல்லாம் தூசி. பொடவை தலைப்பை எறக்கிக்கறேன், கை மேல படட்டும். சின்னப் பொண்ணுங்களுக்கு கா மணி நேரம் போதும்னு அந்த டாக்டர் பொண்ணு சொல்லிச்சு, நம்மள மாதிரி கறுப்புத் தோலுக்கு கொஞ்சம் கூட நிக்கணுமாம். எத்தினி டியூபு கிரீம் போட்டாலும் நம்ம தோலு இன்னா தோலுன்னு வெயிலுக்குத் தெரிஞ்சிருக்கு பாரு. சுடுதுப்பா. நல்லாத்தான் கீது. இங்க ரெண்டு பெஞ்சு போடணும். வயசான ஆளுங்க ஒக்கார்றதுக்கு. வயசான ஆளுன்னா நான்தான்.

சரி, நேரம் ஆச்சு. எறங்கலாம் வா. ஏறனதைவிட எறங்கறதுதான் எனக்கு பேஜாரு. ஏறும்போது முட்டி வலிக்கும், எறங்கும்போது முட்டி மடங்கிடும், அப்படியே முன்னாடி தள்ளிடும். இன்னொரு தபா வுழுந்தா இடுப்புதான் போவும், அப்பறம் எழுந்து நடக்கமாட்டீங்கன்னு சொல்லிட்டாங்க. நீ எனக்கு முன்னாடி எறங்கு, நான் உன் தோளைப் புடிச்சிக்கறேன். கண்ணப்பா...

கண்ணப்பா?

எங்கப்பா கீற? டேங்கு பின்னாடியா? ...பை காணோம். போயிட்டியா? அவனுக்கு போன் அடிச்சுதே, அப்பவே எறங்கிட்டானா. நான் வெயில்ல கண்ணை மூடிக்கினு பேசிக்கினு இருக்கேன், இவன்... என் போனும் கீழ சார்ஜுல கீது. ஓய், கண்ணப்பா. அதோ போறான் வண்டில. திரும்பிக்கூட பாக்கல. நியாயம்தான், அர மணி நேரம் வேலைக்கு எத்தினி நேரம்தான் ஒரு மனுசன் நிப்பான்.

ஐயோ. கேட்டாண்ட ஆட்டோ நிக்குது. அவருதான். தோள்ல பை, வெள்ளை சட்டை, அண்ணாந்து போர்டைப் படிக்கறாரு. இப்ப உள்ள வந்து பேரு சொன்னா பொண்ணு எறங்கி வந்துடும், பொட்டிய ஆட்டோவுல வச்சா முடிஞ்சுது. எறங்கி ஓடவா முடியும் என்னால. ஒவ்வொரு படியா ஒக்காந்து ஒக்காந்து எறங்கனா நான் கீழ போறதுக்குள்ள அவங்க ஸ்ரீபெரும்புதூரையே தாண்டிடுவாங்க. இங்க இருந்து கத்தலாம். கத்தனா எதுத்தாப்புல டீக்கடைல ஓனரோட மச்சான் ஒக்காந்துகினு கீறான். நைட்டு ஷிப்டோட ஓவர்டைமும் பாத்துட்டு வர்ற பொண்ணுங்க வேற பஸ்ல இருந்து எறங்குது. காதுல மட்டும் சொல்லலாம்னுதானே முருகா நெனைச்சேன்.

...

அண்ணாச்சி. ஓ பேச்சிராஜ் அண்ணாச்சி. மேல பாருங்க, மேல, மாடில. நான்தான் வார்டன் காமாட்சி. உங்களுக்கு போன் பண்ணவ. உள்ள போவாதீங்க, அங்கயே நில்லுங்க. உங்க பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. கேக்குதா? ஒரு தப்பும் இல்ல. அதுக்கு எலும்பு வலி, வெயில்ல நிக்க சாவி கேட்டுச்சு. நான் சொன்னது பொய்யி. எனக்கு முட்டி போச்சு, மூணு வருஷமா என்னால மாடி ஏற முடியல, அத்த அது கண்டுபுடிச்சிடுச்சு, அதனாலதான் அப்படிச் சொன்னேன். ஆமாம், சத்தமாத்தான் சொல்றேன், எல்லாரும் கேக்கட்டும். டீக்கடை சாரு, நீங்களும் உங்க மாமாகிட்ட சொல்லிக்கோங்க. அண்ணாச்சி, கூட்டிக்கினு போவறதும் வுட்டுட்டுப் போவறதும் உங்க இஷ்டம், நான் தடுக்கமாட்டேன். ஆனா மொதல்ல உங்க பொண்ணை மேல அனுப்புங்க. என்னால தனியா எறங்க முடியாது.